சீமைக்கருவேலத்தின் நிழலில் ஒரு பழைய காடு: தில்லியில் காடு மீட்கவும் அதற்குக் கணக்கெழுதவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தில்லியின் மொத்தப் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 195 சதுர கிலோமீட்டர், அதாவது 13 விழுக்காடு, வனப்பரப்பு என்று இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. தலைநகருக்குள் இவ்வளவு காடா என்று மகிழ்வதற்கு முன் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கிளை மூடியிருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம், யார் நட்டது, யாருடைய நிலம் என்ற கேள்விகளுக்கு அந்த வரையறையில் இடமில்லை.

அதனால்தான் ரிட்ஜ் என்று நாம் சொல்லும் பாறை மேட்டின் பெரும்பகுதி, கணக்கில் காடாகவும் கண்ணுக்குச் சீமைக்கருவேலமாகவும் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் இங்கே வந்தவர்களுக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கே அதன் பெயர் விலாயதி கீகர். ஆங்கிலேயர் புதுத் தலைநகரை எழுப்பிய காலத்தில், வறண்ட மேட்டைச் சீக்கிரம் பசுமையாக்க நட்டார்கள். அது நூறு ஆண்டுகளுக்குள் மேட்டையே எடுத்துக்கொண்டது.

இதை மாற்ற விரும்பும் தமிழர்கள் தில்லியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆர்.கே. புரத்திலும் முனிர்காவிலும் வசந்த் குஞ்சிலும் வீட்டிலிருந்து நடந்தே ரிட்ஜுக்குப் போய்விடலாம். ஆர்வத்தோடு கிளம்புகிற பலர் செய்வது, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு கன்று நட்டு, படம் எடுத்து, 'நூறு மரம்' என்று எழுதிவைப்பது. அடுத்த ஜூனில் எத்தனை உயிரோடு இருந்தன, கன்று நடுவதற்கு முன் அங்கே என்ன முளைத்திருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. கடப்பாரை எடுப்பதற்கு முன் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்பதை நான் மிக உறுதியாகச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையின் வரிசையும் அதுவே.

நிலத்தோடு பழகுங்கள்

முதல் சில மாதங்கள் எதையும் நட வேண்டாம். நடந்து பாருங்கள்.

தில்லி ஒரே நிலம் அல்ல. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி இங்கே வந்து முடிகிறது. அந்த மேடு குவார்ட்சைட் பாறை, மேலே சில அங்குல மண். அறிவிக்கப்பட்ட ரிட்ஜ் காடு சுமார் 7,777 ஹெக்டேர், வடக்கு, மத்தி, தென்மத்தி, தெற்கு என்று நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. கிழக்கே யமுனையின் வெள்ளச் சமவெளி, வண்டல் மண். மயூர் விஹாரில் இருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பது இதுதான். ரிட்ஜுக்குரிய மரத்தை ஆற்றோரத்தில் நடுவதும், ஆற்றோர நாணலுக்குரிய இடத்தில் மரத்தோப்பு போடுவதும் இரண்டுமே தவறு.

நல்ல காடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க மூன்று இடங்களைச் சொல்வேன். வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா ஒரு காலத்தில் சுரங்கக் குழிகளும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்த இடம். தில்லி மேம்பாட்டு ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர்களும் சேர்ந்து மீட்டது. பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த முறைகள் அங்கே செயலில் இருப்பதைக் காணலாம். அடுத்தது குருகிராம் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. குடிமக்கள் முன்னெடுப்பில் மீண்ட அந்தச் சுரங்க நிலம்தான், 2022இல் சரணாலயம், தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே பல்லுயிரைக் காக்கும் இடம் என்ற உலக அங்கீகாரத்தை இந்தியாவில் முதலில் பெற்றது. மூன்றாவது, ஃபரிதாபாத் பக்கமுள்ள மாங்கர் பனி. நம் ஊர்க் கோயில் காடுகளைப் போல, குதரியா தாஸ் பாபாவின் பெயரால் குஜ்ஜர் மக்கள் கிளை ஒடிக்காமல் காத்துவந்த காடு அது. ரிட்ஜ் முன்பு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் சிறந்த சான்று அதுவே. கீழே வரப்போகும் கணக்கில் இந்த இடம் அளவுகோலாகப் பயன்படும். அதனால் முதலில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அங்கே நீங்கள் பார்க்கும் மரங்களில் பாதி உங்களுக்கு உறவுக்காரர்கள். இங்கே ரோஞ்ஜ் என்பது நம் வெள்வேலம். ஜாண்ட் என்பது சிவன் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னி. டாக் என்பது புரசு. தூதி என்பது வெட்பாலை. ஹிங்கோட் என்பது நஞ்சுண்டான். புதரில் ஆடாதோடை, கொடியில் சீந்தில், பாறை இடுக்கில் தண்ணீர்விட்டான். புல்லில் நம் ஆட்டுக்காரர்கள் கொழுக்கட்டைப் புல் என்று சொல்லும் அதே புல். புதிதாகக் கற்க வேண்டியவை சிலவே: பாறைச் சரிவை முழுதும் பிடித்துக்கொள்ளும் தவ், சாம்பிராணி இனத்தைச் சேர்ந்த சலாய், இலையில்லாமல் பச்சைக் குச்சியாக நின்று சிவப்புப் பூ பூக்கும் கைர். இந்திய மரமாக இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். தில்லிச் சாலைகளில் வரிசையாக நட்டிருக்கும் ஏழிலைப்பாலை இந்திய மரம்தான். ஆனால் ஈரக்காடுகளைச் சேர்ந்தது, இந்த மேட்டுக்கு அந்நியம்.

அனுமதி இல்லாமல் ஒரு கிளையும் வேண்டாம்

ரிட்ஜ் காட்டில் தனியார் யாரும் தாமாக நடவோ வெட்டவோ முடியாது. வனத்துறையோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். பூங்காக்கள் தில்லி மேம்பாட்டு ஆணையம், மாநகராட்சி, புதுதில்லி நகராட்சி என்று பலர் கையில் இருக்கின்றன. எந்தத் துண்டு யாருடையது என்பதைக் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் சீமைக்கருவேலத்துக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் அது சட்டப்படி மரம். வெட்டவும், கிளை கழிக்கவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். 'அந்நிய மரம்தானே' என்ற வாதம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. விதிவிலக்கு என்று ஒரு வாசலைத் திறந்தால் அதன் வழியே யார் யாரோ கோடரியோடு நுழைவார்கள்.

தொடக்கத்துக்கு, காலனிப் பூங்காவின் ஒதுங்கிய மூலையோ, பல்லுயிர்ப் பூங்காவில் தன்னார்வலர் பணியோ போதும். அசோலா பட்டி சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கல்வி மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் இயற்கை நடைகள் இனங்களைக் கற்க நல்ல வழி.

பதிவேட்டின் முதல் பக்கம்: தொடக்க இருப்பு

நாடுகள் தங்கள் பொருளாதாரத்துக்குக் கணக்கெழுதுவதுபோல, காடு, சதுப்பு, புல்வெளி ஆகியவற்றுக்கும் கணக்கெழுத ஒரு பொதுமுறை இருக்கிறது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது அது. நம் நாட்டில் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் 'என்விஸ்டாட்ஸ் இந்தியா' என்ற பெயரில் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிடுகிறது. முறையின் எலும்புக்கூடு எளிது. எவ்வளவு நிலம் எந்த வகையில் இருக்கிறது என்பது பரப்புக் கணக்கு. அந்த நிலம் எப்படி இருக்கிறது என்பது நிலைமைக் கணக்கு. அது நமக்கு என்ன தருகிறது என்பது சேவைக் கணக்கு. தேசத்துக்குப் பொருந்தும் இந்த முறை ஒரு ஹெக்டேருக்கும் பொருந்தும். இருநூறு பக்க நோட்டு ஒன்றும் எக்செல் தாள் ஒன்றும் இருந்தால் போதும்.

மத்திய அரசின் கணக்கு, தணிக்கை அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த சமூகம் தில்லித் தமிழர்கள். எங்கள் குழுவின் பதிவேட்டை எழுதுபவரும் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. முதல் கூட்டத்திலேயே எல்லோரும் எந்தக் கன்று, எத்தனை குழி என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "தொடக்க இருப்பு எழுதாமல் எந்தக் கணக்கு சார் ஒப்பும்?" அதன்பின் அந்தப் பருவம் முழுதும் நாங்கள் நடவில்லை, அளந்தோம்.

எப்படி அளப்பது? கூகுள் எர்த்தில் உங்கள் நிலத்தின் எல்லையைக் கோடு போட்டு, பழைய ஆண்டுகளின் படங்களையும் பாருங்கள். பிறகு நேரில் நடந்து, எந்தப் பகுதி சீமைக்கருவேலப் புதர், எது புல்வெளி, எது நாட்டு மரக்கூட்டம், எது பாதை என்று பிரித்து வரையுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் பரப்பைக் கணக்கிட்டுத் தரும்.

ஒரு ஹெக்டேருக்கு, அதாவது 10,000 சதுர மீட்டருக்கு, மாதிரிக் கணக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். தொடக்க இருப்பு: சீமைக்கருவேலம் 7,000, புல்வெளி 1,500, நாட்டு மரக்கூட்டம் 500, பாதையும் வெற்றிடமும் 1,000. அந்த ஆண்டில் 1,200 சதுர மீட்டர் சீமைக்கருவேலத்தின் கிளைகளைக் கழித்துத் திறந்து, 800இல் நாட்டு மரம், 400இல் புல் என்று மாற்றினீர்கள். யாரோ பாதையை அகலப்படுத்தியதில் 100 சதுர மீட்டர் புல் போனது. இறுதி இருப்பு: சீமைக்கருவேலம் 5,800, புல்வெளி 1,800, நாட்டு மரம் 1,300, பாதை 1,100. கூட்டினால் மறுபடி 10,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ அளவு தவறியிருக்கிறது. அந்த 100 சதுர மீட்டர் இழப்பு இருக்கிறதே, அதை எழுதும் பழக்கம்தான் கணக்கை விளம்பரத்திலிருந்து பிரிக்கிறது.

அடுத்து நிலையான மாதிரிக் கட்டங்கள். பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், ஹெக்டேருக்கு ஐந்து. அது நிலத்தில் ஐந்து விழுக்காடு. நல்ல இடமாகப் பார்த்துப் போடாதீர்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு, சீட்டுக் குலுக்கி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு மூலைகளிலும் இரும்பு முளை அடித்து, பக்கத்துக் கல்லில் வண்ணம் பூசுங்கள், ஏனென்றால் இரும்பை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மரங்களை முழுதும் எண்ணுங்கள். அதற்குள் ஐந்துக்கு ஐந்தில் புதர்கள், ஒன்றுக்கு ஒன்றில் புல்லும் நாற்றும்.

மரத்தின் சுற்றளவு தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்கப்படும். உங்கள் நெஞ்சில் அந்த உயரம் எங்கே வருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் வேலை வேகமாகும். சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கம் நின்று அளங்கள். டேப் மரத்தைச் சுற்றி வரும்போது பின்புறம் தொய்ந்து இறங்கிவிடும், ஒருவர் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்வேலத்தின் முள் உள்ளங்கையில் இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது, அதனால் தோல் கையுறை அவசியம். சீமைக்கருவேலம் அடியிலிருந்தே நாலைந்து தண்டாகப் பிரியும். ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து, ஒரே மர எண்ணின் கீழ் எழுதுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு படம். ஒவ்வொரு ஆண்டும் அதே உயரம், அதே திசை, அதே வாரம்.

திறப்பது: வெட்டித் தள்ளுவது அல்ல

சீமைக்கருவேலத்தை முழுதும் பிடுங்கி எறிந்துவிட்டு நடலாமே என்பது புதியவர்களின் முதல் எண்ணம். ரிட்ஜில் அது நிலத்தைக் கொல்லும். சில அங்குல மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வேர்தான். மேமாத வெயிலிலிருந்து இளங்கன்றைக் காப்பது அந்த நிழல்தான். வெறுந்தரையாக விட்டால் முதலில் முளைப்பதும் சீமைக்கருவேல விதையே, பக்கத்தில் உண்ணிச்செடி. மயிலும் நீலான் என்ற நீலகாய் மானும் குள்ளநரியும் அந்தப் புதரை நம்பித்தான் இன்று இருக்கின்றன. ஒரே நாளில் அவற்றின் கூரையைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

அதனால் பல்லுயிர்ப் பூங்காக்களில் கடைப்பிடிக்கும் வழி, அனுமதியோடு கிளைகளைக் கழித்து மேற்கூரையை உயர்த்தித் தரைக்கு வெளிச்சம் வரவிடுவது. அடியில் நாட்டு மரக் கன்றுகள் எழும். அவை உயர்ந்து நிழல் பரப்பும்போது வெயிலை விரும்பும் சீமைக்கருவேலம் தானாக நலியும். ஆண்டுக்குப் பத்து, பதினைந்து விழுக்காடு பரப்புக்கு மேல் திறக்காதீர்கள் என்பது என் கருத்து.

உண்ணிச்செடிக்கு வேறு முறை. தண்டை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் வேரை வெட்டி எடுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் துளிர்ப்பதில்லை, மண்ணும் கிளறப்படுவதில்லை. பேராசிரியர் பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் பயன்படுத்திய முறை இது. காய்ப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

இங்கே கணக்கில் ஒரு சிக்கல் வரும். கூரையைத் திறந்ததும் செயற்கைக்கோள் படத்தில் உங்கள் நிலத்தின் பசுமை குறையும். சென்டினல் 2 செயற்கைக்கோள் பத்து மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு 'காட்டை அழிக்கிறார்கள்' என்று யாராவது புகார் எழுதக்கூடும். போதாததற்கு, சீமைக்கருவேலம் கோடையிலும் பெரும்பாலும் பச்சையாக நிற்கும். தவ்வும் சலாயும் இலையுதிர்த்துக் காய்ந்ததுபோல நிற்கும். மே மாதப் படத்தில் மாங்கர் பனி பழுப்பாகவும் சீமைக்கருவேலப் புதர் பச்சையாகவும் தெரியும். ஆகவே செப்டம்பர், மே என இரண்டு மாதப் படங்களையும் சேமித்து, திறந்த பகுதியைப் பரப்புக் கணக்கில் 'மாற்றம்' என்ற தலைப்பில் தேதியோடும் அனுமதி எண்ணோடும் எழுதிவையுங்கள்.

நடவு

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஐப்பசி அடைமழையை மனதில் வைத்துக்கொண்டு அக்டோபரில் நடுவதுண்டு. இங்கே அது பருவம் முடிந்த நேரம். தென்மேற்குப் பருவமழை ஜூன் கடைசி வாரத்தில் தில்லியைத் தொடும், செப்டம்பரில் விலகும், ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பெய்துவிடும். இரண்டு நல்ல மழை பெய்த பிறகு, ஜூலை முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுங்கள். குழியை மட்டும் மே, ஜூனிலேயே எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள்.

வனத்துறை நாற்றங்கால்களில் மழைக்காலத்தில் கன்றுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தவ், வெள்வேலம், நஞ்சுண்டான் போன்றவை எப்போதும் கிடைக்காது. விதை சேகரித்து நாமே வளர்ப்பது நல்லது. அதற்கும் நிலத்துக்குரியவரின் அனுமதி வாங்கி, ஒரு மரத்தின் விதையில் சிறு பங்கு மட்டும் எடுங்கள். ஒரே தாய்மரத்தின் விதையாக இல்லாமல் பல மரங்களிலிருந்து கலந்து எடுப்பது முக்கியம். வாங்கும் கன்றின் பாலிதீன் பையைத் திறந்து பாருங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம், அது மரமானாலும் காற்றில் சாயும்.

சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று நெருக்கி நடும் மியாவாக்கி முறையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஜப்பானின் ஈரக்காடுகளை முன்வைத்து உருவான முறை அது. ஆரவல்லியின் இயல்பான காடு இடைவெளி விட்டு நிற்கும் முள்காடும் புல்லும் பாறையும் கலந்தது. அதில் நெருக்கி நடுவது, மீட்பது ஆகாது. வெட்டவெளியாகத் தெரியும் புல்தரையை அப்படியே விடுங்கள். கௌதாரிக்கும் தரையில் கூடு கட்டும் மற்ற பறவைகளுக்கும் அதுவே வீடு.

கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டி, கழித்த கிளைகளையே மூடாக்காகப் போடுங்கள். நீலான் மேயாமல் இருக்க முள்கிளைகளைச் சுற்றி வையுங்கள். முதல் இரண்டு கோடைகளில் மட்டும், வாரம் ஒருமுறை, மெதுவாக இறங்கும்படி தண்ணீர். அதற்குமேல் தண்ணீர் கேட்கும் கன்று தவறான இடத்தில் நடப்பட்ட கன்று.

ஒவ்வொரு கன்றுக்கும் தகர வில்லையில் எண் குத்திக் கட்டுங்கள். பதிவேட்டில் இனம், விதை வந்த இடம், நட்ட தேதி, உயரம்.

நிலைமைக் கணக்கு

பரப்புக் கணக்கு ஆண்டுக்கு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். காட்டின் உயிர் இருப்பது நிலைமைக் கணக்கில், அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

எதையெல்லாம் அளப்பது? நான் வைத்திருக்கும் பட்டியல் சிறியது. மொத்த மரங்களில் நாட்டு இனங்களின் பங்கு. கன்றுகளில் பிழைத்தவை. நாம் நடாமல் தானாக முளைத்த நாட்டு நாற்றுகள். தரையில் கிடக்கும் இலைச்சருகின் ஆழம். பறவை இனங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் தானாக முளைத்த நாற்றுகளைத்தான் வைத்துக்கொள்வேன். நட்டது நம் உழைப்பைக் காட்டும், முளைத்தது நிலம் மீண்டதைக் காட்டும்.

பன்மையை ஒரே எண்ணில் சொல்ல ஷானன் குறியீடு உதவும். ஒவ்வோர் இனமும் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று எடுத்து, அந்தப் பங்கை அதன் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, குறியை மாற்ற வேண்டும். எக்செல் செய்துவிடும். ஒரு கட்டத்தில் 40 மரம், 5 இனம் என்று வையுங்கள். 36 சீமைக்கருவேலமும் மற்ற நான்கு இனங்களில் ஒவ்வொன்றும் என்றால் குறியீடு சுமார் 0.46. ஒவ்வோர் இனத்திலும் எட்டு என்றால் 1.61. இரண்டிலும் இன எண்ணிக்கை ஐந்துதான், ஆனால் முதல் கட்டம் பெயருக்குத்தான் ஐந்து. ஒரு எச்சரிக்கை: இந்தக் குறியீட்டுக்கு நாட்டு மரம், அந்நிய மரம் என்ற வேறுபாடு தெரியாது. அலங்காரச் செடிகள் நிறைந்த பூங்காவுக்கும் உயர்ந்த எண் கொடுத்துவிடும். நாட்டு இனங்களுக்கு மட்டும் தனியாக ஒருமுறை போடுங்கள்.

பிறகு ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மாங்கர் பனி போன்ற நல்ல காட்டில் அதே அளவுள்ள கட்டங்களில் 24 நாட்டு மர, புதர் இனங்கள் கிடைத்தன, மிகவும் சீரழிந்த இடத்தில் 4 கிடைத்தன என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் நிலத்தில் 9. ஒன்பதிலிருந்து நான்கைக் கழித்தால் ஐந்து, அதை இருபதால் (24இல் 4 போக மிச்சம்) வகுத்தால் 0.25. அடுத்த ஆண்டு 12 இனம் என்றால் 0.40. ஒவ்வோர் அளவையும் இப்படிச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே கொண்டுவந்தால் சருகின் ஆழத்தையும் பறவையையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கும் ஆசை வரும். அதைத் தவிர்த்து, வரிசைகளைத் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாற்று குறைந்து பறவை கூடினால் சராசரி அதை மறைத்துவிடும்.

பறவையும் வண்ணத்துப்பூச்சியும்

ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் நின்று பத்து நிமிடம், ஐம்பது மீட்டர் ஆரத்துக்குள் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் எல்லாம். சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஜனவரியில் மூடுபனி விலகும்வரை காத்திருங்கள், கண்ணுக்கு எட்டாத பறவையை எண்ண முடியாது. எத்தனை பேர் எண்ணினீர்கள், எவ்வளவு நேரம் என்பதையும் எழுதுங்கள். இருவர் எண்ணிய ஆண்டையும் பத்துப் பேர் எண்ணிய ஆண்டையும் ஒப்பிட்டு 'பறவை பெருகியது' என்று சொல்லிவிடக் கூடாது. ஒன்றும் தென்படாத நாளையும் பதிவு செய்ய வேண்டும்.

இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலை ஏற்றிவிட்டால் அது நிலைத்திருக்கும். தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஊரில் இருந்தபோது கலந்துகொண்ட குழந்தைகள் இங்கே மிக வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். தவிட்டுக்குருவியின் கூட்டுக் கூச்சலும் செம்போத்தின் ஆழ்ந்த குரலும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வண்ணத்துப்பூச்சிக்கு மழைக்குப் பிந்தைய செப்டம்பர், அக்டோபர் ஏற்ற காலம். தெரியாத பூச்சியையும் செடியையும் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டால் அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

சேவைக் கணக்கும் ரூபாயும்

மரத்தின் சுற்றளவிலிருந்து உயிர்ப்பொருள் எடையைக் கணிக்கும் சமன்பாடுகள் உண்டு. உலர் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம், அதை 3.67ஆல் பெருக்கினால் கரியமில வாயு. மழைநீர் இறங்குவதையும், மே மாத மதியத்தில் மர நிழலுக்கும் வெட்டவெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையும் அளக்கலாம். வெப்பமானியை இரண்டு இடத்திலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், அதன்மேல் நேரடி வெயில் படாதபடி மறைப்பு வைத்துத் தொங்கவிட்டால் போதும்.

இவற்றை ரூபாயாக்கி அறிக்கையில் போடும் அவசரம் வேண்டாம் என்பேன். கரிமத்தை மட்டும் விலை பேசினால் வேகமாகப் பருக்கும் சீமைக்கருவேலம்தான் ஜெயிக்கும், மெல்ல வளரும் தவ் தோற்கும். முதல் ஐந்து ஆண்டுகள் லிட்டர், கிலோ, டிகிரி என்ற அளவுகளிலேயே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முடிப்பு

எங்கள் தணிக்கை அதிகாரி பழக்கப்படி மார்ச் 31இல் கணக்கை முடிக்க விரும்பினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மார்ச்சில் தில்லியில் எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் இருக்கும். ஏப்ரல் முதல் வீசும் லூ என்ற அனல் காற்றும் 45 டிகிரி வெயிலும்தான் உண்மையான தேர்வு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, "சரி சார், ஜூன் 30" என்று பேரேட்டின் மேல் எழுதினார். ஜூன் முடிவில் உயிரோடு இருக்கும் கன்றே பிழைத்த கன்று. இடையில் அக்டோபரிலும் மார்ச்சிலும் ஒருமுறை எண்ணிவிடுங்கள், எந்தப் பருவத்தில் செத்தது என்று தெரியும். செத்த கன்றுக்குக் காரணம் எழுதும் பத்தி ஒன்று அவசியம்: தண்ணீர், மேய்ச்சல், தீ, மிதிபட்டது, தெரியவில்லை.

முடித்த கணக்கின் நகலை நலச் சங்கத்துக்கும், நிலத்துக்குரிய துறைக்கும் கொடுங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் இனப் பட்டியல் அந்தப் பதிவேட்டில் சேர முயலுங்கள். சாலைக்கோ கட்டடத்துக்கோ அந்த நிலத்தைக் கேட்கும் நாள் வந்தால், அரசுப் பதிவேட்டில் இருக்கும் பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

தில்லியில் இருப்பவர்களுக்கு இடமாற்ற உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரும். ஆகவே கணக்கை ஒருவர் கையில் மட்டும் விடாதீர்கள். நோட்டு ஒருவரிடம், எக்செல் கோப்பு இருவரிடம், வரைபடமும் படங்களும் பொதுக் கணக்கில். மரப் பெயர்களைத் தமிழோடு இந்தியிலும் அறிவியல் பெயரிலும் எழுதுங்கள், அடுத்து எடுத்துக்கொள்பவர் தமிழராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. கட்டங்களின் மூலை முளைகளைப் புதியவரோடு நடந்துபோய்க் கையால் தொட்டுக் காட்டிவிட்டு, ஒப்படைத்த தேதியை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.